ஞானி தலையாட்டினார்

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் சின்னவளும் இங்கே சுகம். அத்தானின் முழங்கால் வலி மட்டும் போவதாக இல்லை, அதையும் வீட்டில் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொண்டுவிட்டோம். உன் இருமல் எப்படி இருக்கிறது? வெந்நீர் குடிக்கிறாயா, இல்லை, குடித்தேன் என்று எழுதுவதோடு சரியா?

அகராதி அலுவலகத்தில் இந்த வருஷம் என் தலையில் 'ஞ' விழுந்திருக்கிறது. எதிர் மேஜைக்காரர் 'க' பார்க்கிறார். அவர் ஓய்வு பெற்றுப் பேரன் எடுத்தாலும் அது முடியாது. அந்த வயிற்றெரிச்சலில் என்னைப் பார்த்து, "உங்களுக்கென்ன மேடம், ஞாயித்துக்கிழமை, ஞாபகம், முடிஞ்சுது வேலை" என்கிறார். எங்கே முடிந்தது? 'ஞானி'யில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். பழைய பதிப்பில் 'மெய்யறிவு பெற்றவர். முனிவர்' என்று ஒரே வரி. பதிப்பாசிரியர் அதைச் சிவப்பு மையால் சுழித்து, "இது செத்துப்போனவர்களுக்குச் சரி. உயிரோடு இருக்கிறவர்கள் இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள்?" என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஒவ்வொரு பொருளுக்கும் யாராவது வாயால் சொன்ன வாக்கியம் வேண்டும். யார் சொன்னது, யாரிடம், எதற்காக என்று அட்டையில் எழுத வேண்டும். இந்த அலுவலகத்தில் எல்லோரும் வார்த்தைகளைப் பார்த்துப் பார்த்துப் பேசுவதையே விட்டுவிட்டார்கள். நீ இருப்பது அத்தனை வாய் உள்ள தறிக்கூடம். காதில் விழுந்ததை எழுது.

போன வாரம் உனக்குப் போன் போட்டேன். "சாப்பிட்டியாடா?" என்றேன். "சரிக்கா" என்றாய். "இருமல் எப்படி இருக்கு?" என்றதற்கும் "சரிக்கா". சந்தேகப்பட்டு, "நம்ம வீடு இடிஞ்சு விழுந்துடுச்சு" என்று சொல்லிப் பார்த்தேன். "சரிக்கா, வச்சிடறேன்" என்று வைத்துவிட்டாய். நல்லவேளை, வீடு நின்றுகொண்டுதான் இருக்கிறது.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொண்டது. நான் நலம். இருமல் குறைந்திருக்கிறது. வெந்நீர் குடிக்கிறேன், நிஜமாகவே. அத்தான் கால் வலிக்குத் தைலம் மட்டும் போதாது, டாக்டரிடம் காட்டச் சொல்.

தறிக்கூடத்துப் போன் மோசம். லைன் இரைச்சல். இனிமேல் கடிதமே போடு.

நீ கேட்ட சொல் இங்கே தினமும் புழங்குகிறது. தறியில் நூல் அறுந்தது தெரியாமல் வேடிக்கை பார்த்து நிற்பவனிடம், "என்ன ஞானி, தவம் முடிஞ்சுதா?" என்பார்கள். ஊருக்கே தெரிந்த விஷயம் கடைசியாக ஒருவனுக்குப் புரிந்தால், "இப்பத்தான் ஞானோதயம் ஆச்சாக்கும்" என்பார்கள். சிவப்புக் கரையில் பச்சை நூலைப் போட்ட புதுப் பையனை மேஸ்திரி "ஞானசூன்யம்" என்றார். கோபப்படாதே என்றால் வருகிற பதில், "நான் என்ன முற்றும் துறந்த ஞானியா? எனக்கும் கோபம் வரும்." கல்யாணம் ஆகாத என்னைப் பற்றி, "அவருக்கென்ன, ஞானி. பொண்டாட்டியா புள்ளையா?" என்று பொறாமையோடு ஒருவர் சொன்னார். அவருக்கு வீட்டில் என்ன தொல்லையோ.

இதில் என் பெயர் வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். புது மேலாளர் தொழிலாளர்களின் குறைகளைக் கேட்க ஓர் அறை ஒதுக்கி, என்னை மேஸ்திரி வேலையிலிருந்து எடுத்து அதில் உட்கார்த்தியிருக்கிறார். தறி சம்பந்தமானதும் வரும், வீட்டுச் சண்டையும் வரும். எல்லோரும் என்னை ஞானி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கேலி இல்லை. தறியின் நீள நூல்களை முடிந்து பாவு பிணைக்கும் பெண் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது: "அவர் ஞானிங்க. குறுக்க ஒரு வார்த்தை பேசமாட்டார். நம்ம மூஞ்சியையே பார்த்துக்கிட்டுக் கேட்பார்." இதை அட்டையில் எழுதலாமா என்று பார்.

அவள் என்னிடமிருந்து வெகுதூரத்தில், ஓடுகிற தறிகளுக்கு அந்தப் பக்கம் நின்றுதான் இதைச் சொன்னாள். எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். தறிக்கூடத்தில் யாரும் காதை நம்புவதில்லை, அக்கா. உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிப்போம், கையால் பதில் சொல்வோம். புதிதாக வருகிறவர்கள்தான் கத்திக் கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொள்வார்கள்.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 6

அன்புள்ள தம்பி ஞானியாருக்கு,

அடியாளின் வணக்கம். வீட்டில் எல்லோரும் நலம். நீ நலம் என்பதைக் கேட்கவே வேண்டாம், ஞானிகளுக்கு இருமல் வருமா?

உன் கடிதத்தை அலுவலகத்தில் உரக்கப் படித்தேன். பதிப்பாசிரியர் நாற்காலியை விட்டு எழுந்தே வந்துவிட்டார். அந்தப் பாவு பிணைக்கும் பெண் சொன்னதுதான் அவருக்குப் பிடித்தது. 'பிறர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்பவர்' என்று தனிப் பொருளாகவே போடலாம் என்கிறார். எந்த அகராதியிலும் இல்லாத பொருள். "இது என் தம்பியைப் பற்றிச் சொன்னதுங்க" என்று நான் எல்லா மேஜைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன ஆள் நீ என்பதை மட்டும் மறைத்துவிட்டேன். ஞானிக்கு அப்படியும் ஒரு பொருள் உண்டு, 'உலக நடப்பு தெரியாதவர்'. உனக்கு இரண்டும் பொருந்தும்.

உன்னிடம் வருகிறவர்களுக்கு அப்படி என்ன புத்தி சொல்கிறாய்? எனக்கும் இரண்டு எழுது, சின்னவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற விஷயத்தில் உன் அத்தானைச் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

சின்னவள் தானே மெட்டுப் போட்டு நாலு பாட்டுப் பாடி கேசட்டில் பதிவு செய்திருக்கிறாள். மாமாதான் முதலில் கேட்க வேண்டுமாம். இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கேட்டுவிட்டு எழுது. அவள் தினமும் தபால்காரரை வாசலில் மறிக்கிறாள்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் எல்லோருடைய நலமும் அறிந்து சந்தோஷம்.

கேசட் வந்தது. கேட்டேன். சின்னவள் நன்றாகப் பாடியிருக்கிறாள். குரல் தெளிவாக இருக்கிறது. எனக்கு இரண்டாவது பாட்டுதான் ரொம்பப் பிடித்தது. என் ஆசியைச் சொல்.

புத்தி ஒன்றும் பெரிதாகச் சொல்வதில்லை. மூன்று வாக்கியம் வைத்திருக்கிறேன். "வீட்டுல உட்கார்ந்து பேசுங்க", "ரெண்டு நாள் போகட்டும்", "நான் பார்த்துக்கறேன்". முகத்தைப் பார்த்தால் இந்த மூன்றில் எது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் அதுகூட வேண்டாம். தலையாட்டினால் போதும், கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள்.

இங்கே ஒரு வீண் வேலை நடக்கிறது. பஞ்சுத் தூசிக்காக அடுத்த மாதத்திலிருந்து எல்லோரும் துணி முகமூடி கட்ட வேண்டுமாம். நான் கூட்டத்திலேயே எழுந்து வேண்டாம் என்றேன். மேலாளருக்கு ஆச்சரியம், "நீங்கதானே அதிகமா இருமறீங்க?" என்றார். பேசுவது தெரியாது, ஆபத்து என்றேன். தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்து பேசட்டும் என்று முடித்துவிட்டார்கள். இருபத்தைந்து வருஷத்தில் நான் எதற்கும் எதிர்த்துப் பேசியதில்லை. அதனால் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

'ஞானி'க்கு இன்னொன்று. துக்க வீட்டுக்குப் போய் வந்தவர் இரண்டு நாள் சாதுவாக இருந்தார். "இது சுடுகாட்டு ஞானம். சம்பளம் வந்ததும் போயிடும்" என்றார்கள். போய்விட்டது.

அன்புடன்,
தம்பி


மார்ச் 20

அன்புள்ள தம்பி,

எல்லோரும் சுகம்.

நேற்று அத்தான் டேப்ரிக்கார்டரைத் துடைக்கப் போய்ப் பட்டன் அமுங்கிவிட்டது. சின்னவள் குரல் வந்தது. அவள் பாடிய கேசட் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. உனக்கு அனுப்பியது கடையிலிருந்து வாங்கி வைத்திருந்த புதுக் கேசட். அதில் எதுவுமே இல்லை.

உனக்கு இரண்டாவது பாட்டு ரொம்பப் பிடித்தது என்று எழுதியிருந்தாய்.

சின்னவளிடம் நான் சொல்லவில்லை. அவள் உன் கடிதத்தைத் தோழிகளுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறாள். என்னிடம் மட்டும் சொல்லடா. உனக்குக் காது கேட்கிறதா?

அக்கா


ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அத்தான் கால் வலி எப்படி இருக்கிறது? பதில் எழுதத் தாமதம். வேலை அதிகம்.

'ஞானி'க்கு மேலும் சில. கணக்கில் கெட்டிக்காரியான பெண்ணை, "கணக்குல ஞானி" என்கிறார்கள். அதாவது அந்த ஒன்றில் மட்டும். பேசாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒருத்தி, "ஞானிக் குழந்தைங்க, அழவே அழாது" என்றாள். பெரிய மனிதர் போலப் பேசுகிறவரை, "வந்துட்டாருய்யா ஞானி". இது உங்களிடமே இருக்கும்.

முகமூடி வந்துவிட்டது. எல்லோர் முகமும் பாதியாகிவிட்டது. அறைக்கு வருகிறவர்களிடம் கழற்றச் சொல்லலாம், ஆனால் மேலாளர் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே போகிறார், விதியை நானே மீறச் சொல்லக் கூடாது. முன்பைவிட இப்போது கூட்டம் அதிகம். முகம் மறைந்திருப்பதால் கூச்சம் விட்டுப்போய்விட்டதோ என்னவோ.

நேற்றுக் கடைசித் தறிக்காரி வந்தாள். தறிகளின் வரிசையில் கடைசியில் நிற்பவள், அதிகம் பேசாதவள். வந்து உட்கார்ந்து, ரொம்ப நேரம் பேசினாள். நடுவில் கண் கலங்கியது. நான் தலையாட்டினேன். எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனாள்.

வேறு விசேஷம் இல்லை.

அன்புடன்,
தம்பி


மே 10

அன்புள்ள தம்பி,

நாங்கள் நலம். உன் நலத்தைப் பற்றி நீ எழுதுவதை நான் நம்புவதாக இல்லை.

நான் கேட்டது ஒன்று. நீ எழுதியது குழந்தை, கணக்கு, கால் வலி. ஒரு பக்கம் முழுக்க எழுதி ஒரு கேள்வியைச் சுற்றிக்கொண்டு போக உன்னால் முடிகிறது. நானும் வார்த்தைகளை வைத்துப் பிழைக்கிறவள்தான், இல்லாத வார்த்தை எது என்று எனக்கும் தெரியும்.

கடைசித் தறிக்காரி ரொம்ப நேரம் பேசினாள் என்று எழுதியிருக்கிறாய். என்ன பேசினாள்? அந்த வரியை மட்டும் காணோம். மற்றவர்கள் சொன்னதெல்லாம் வார்த்தைக்கு வார்த்தை எழுதுகிற ஆள் நீ. அவள் சொன்னதை எழுதவில்லை, ஏனென்றால் உனக்குத் தெரியாது. அவள் முகமூடி போட்டிருந்தாள். முகமூடிக்கு ஏன் அப்படிக் குதித்தாய் என்று இப்போதுதான் எனக்கு ஞானோதயம்.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அத்தனை வருஷம் அந்தச் சத்தத்தில் நின்றால் இரும்புக்கே காது போய்விடும். இங்கே நல்ல டாக்டர் இருக்கிறார். லீவு போட்டுவிட்டு வா. அதற்கு முன்னால் அவளைக் கூப்பிட்டு என்ன சொன்னாள் என்று கேட்டுவிடு. எனக்கு என்னவோ மனசு சரியில்லை.

அக்கா


ஜூன் 8

அன்புள்ள தம்பி,

பதில் இல்லை. தறிக்கூடத்துக்குப் போன் போட்டேன். எடுத்தவர், "ஞானி நல்லா இருக்கார், யாரையும் பார்க்கறதில்ல" என்றார். என்ன நடந்தது? ஒரு வரி எழுதிப் போடு. நான் கோபமாக எழுதியதை மனசில் வைத்துக்கொள்ளாதே.

அக்கா


ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நலம். உன் மேல் எனக்கு என்ன கோபம்?

கேட்கவில்லை, அக்கா. இடது காது போய்ப் பல வருஷம். வலது காதில் பெரிய சத்தம் மட்டும் வயிற்றில் இடிப்பது போலத் தெரியும். உன் கேசட்டைப் போட்டு, பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்தேன். அதிரவில்லை. மெதுவான பாட்டாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தறிக்கூடத்தில் எல்லோரும் உதட்டைப் பார்த்தே பேசுவதால் நான் கேட்காதவன் என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கே தெரியச் சில வருஷம் ஆனது.

உன் கடிதம் வந்த மறுநாள் அவளைக் கூப்பிட நினைத்தேன். ஒரு தடவை கேட்டதை இன்னொரு தடவை எப்படிக் கேட்பது, என்ன நினைப்பாள் என்று தள்ளிப்போட்டேன். அந்த வாரத்திலேயே நடந்துவிட்டது.

நூலை இழுத்துக்கொண்டு பாவுக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுகிற நாடா இருக்கிறதே, அது வழி தவறினால் வெளியே பறக்கும். முனையில் இரும்பு. அதற்காகத் தறிக்கு முன்னால் ஒரு கம்பித் தடுப்பு உண்டு. கடைசித் தறியில் தடுப்பின் போல்ட்டு உடைந்து, கம்பி தொங்கியிருக்கிறது. நாடா பறந்து எதிர்த் தறிக்காரர் புருவத்தைக் கிழித்துவிட்டது. கண் மயிரிழையில் தப்பியது. அவர் இப்போது தேறிவிட்டார்.

அவளை விசாரித்தார்கள். "ஞானி ஐயாகிட்ட அப்பவே சொன்னேன். தலையாட்டினார். ஓட்டலாம்னு நினைச்சேன். அவருக்குத் தெரியாததா?" என்றிருக்கிறாள். டீ குடிக்க முகமூடியை இறக்கியபோது பார்த்தேன், யாரும் நம்பவில்லை. "ஞானிகிட்ட சொல்லியிருந்தா அன்னைக்கே போல்ட்டு வந்திருக்கும். தப்பிக்கறதுக்குப் பெரிய மனுஷர் பேரை இழுக்கறா" என்கிறார்கள். அவளுக்கு வேண்டியவர்களே அப்படிச் சொல்கிறார்கள்.

மேலாளர் அறையில் முகமூடி இல்லாமல் என்னைக் கேட்டார்கள். அப்படி எதுவும் ஞாபகம் இல்லை என்றேன். ஞாபகம் இல்லைதான், அக்கா. காதில் விழாததை எங்கே ஞாபகம் வைப்பது? ஆனால் அது பொய் என்று எனக்குத் தெரியும். அவளை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஜூலை முதல் வாரம் மேலாளர் விசாரணை வைக்கிறார். என் பேச்சை வைத்துத்தான் முடிவு.

நான் அவளைப் பார்க்காமல் இருக்கப் பின்வாசல் வழியாகப் போய் வருகிறேன்.

தம்பி


ஜூன் 28

அன்புள்ள தம்பி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அத்தானிடம்கூடக் காட்டாமல் அழுதேன். உனக்காகத்தான் அழுதேன். எத்தனை வருஷம் ஒண்டியாக இதைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறாய்! போனில் "சரிக்கா, சரிக்கா" என்றதை வைத்து நான் கேலி வேறு செய்தேன்.

இப்போது நான் சொல்வதைக் கேள். விசாரணைக்கு முன்னால் உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு இங்கே வந்துவிடு. மாடி அறை காலியாக இருக்கிறது. உனக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்சக் காலம்தான். எல்லோரும் ஞானி ஞானி என்று கையெடுக்கிற இடத்திலிருந்து அந்தப் பெயரோடேயே வெளியே வா. நீ இல்லாவிட்டால் அவர்களே சந்தேகத்தின் பலனை அவளுக்குக் கொடுத்து விட்டுவிடுவார்கள். விடாவிட்டாலும் அவள் சின்ன வயசு, வேறு தறி கிடைக்கும்.

இது நியாயம் இல்லை என்று எனக்குத் தெரியும். நீ சொல்ல வேண்டாம். நான் உனக்குத்தான் அக்கா, கடைசித் தறிக்காரிக்கு அக்கா இல்லை. செவிடன் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு வேலை செய்தோமே என்று அவர்கள் உன்னைத் திட்டுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

'ஞானி' அச்சுக்குப் போகக் கூடிய நிலையில் இருக்கிறது. உன் அட்டைகளும் அதில் இருக்கின்றன. ஒன்பது பொருள் ஆகிவிட்டது. இதையெல்லாம் வந்து பேசிக்கொள்ளலாம். எழுதிப் பேசிக்கொள்ளலாம். வா.

அன்புடன்,
அக்கா


ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அத்தானையும் சின்னவளையும் கேட்டதாகச் சொல். மாடி அறையைப் பெருக்கி வை, அடுத்த மாதம் லீவில் வருகிறேன், டாக்டரைப் பார்க்கலாம். நீ சொன்ன மற்றதைச் செய்யவில்லை. கோபித்துக்கொள்வதென்றால் இப்போதே கோபித்துக்கொண்டுவிட்டு மேலே படி.

விசாரணை மேலாளர் அறையில். தொழிற்சங்கத்துக்காரர், காயம் பட்டவர், கடைசித் தறிக்காரி, நான். முகமூடியை எல்லோரும் இறக்கி விட்டிருந்தார்கள். மேலாளர் என்னிடம், "இந்தம்மா உங்ககிட்ட தடுப்பு பத்திச் சொன்னாங்களா?" என்றார்.

"சொல்லியிருப்பாங்க சார். எனக்குக் காது கேக்காது" என்றேன்.

சங்கத்துக்காரர் மேஜையைத் தட்டினார். "பார்த்தீங்களா? ஞானின்னா ஞானிதான். யார் மேலயும் பழி போடாம எவ்வளவு பக்குவமாச் சொல்றார்! நல்லது கெட்டது எதுவும் காதுல ஏறாதுங்கறார்." மேலாளரும் ஆமோதித்தார். எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல! வாயைத் திறந்து ஒரு உண்மையைச் சொல்கிறேன், அதையும் தத்துவமாக்கிவிட்டார்கள்.

"தத்துவம் இல்லைங்க, காதே கேக்காது. மாஸ்க்கைப் போட்டுக்கிட்டு என்கிட்ட எதையாவது கேளுங்க சார்" என்றேன். மேலாளர் சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டார். துணி அசைந்தது. நான் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுபடி அசைந்தது. பழக்க தோஷம், அக்கா, என் தலை தானாக ஆடியது. அதைப் பார்த்ததும் சங்கத்துக்காரரின் சிரிப்பு நின்றுவிட்டது. மேலாளர் என்ன கேட்டார் என்று பிறகு காகிதத்தில் எழுதிக் காட்டினார். "உங்க வயசு என்ன?"

அவளை மறுநாளே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். என்னைத் துணி பார்க்கும் மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். நெய்து வந்த துணியை வெளிச்சத்தில் விரித்துப் பழுது பார்க்கிற வேலை. கண் போதும். காயம் பட்டவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் புருவத்தைத் தொட்டுக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

ஞானி பட்டம் அன்றைக்கே போய்விட்டது. பாவு பிணைக்கும் பெண் நேராக வந்து, முகமூடியை இழுத்து இறக்கிவிட்டு, "அப்ப ஆறு மாசமா நான் சுவத்துகிட்டயா பேசிக்கிட்டு இருந்தேன்?" என்றாள். முகமூடி வராத காலத்தில் அவள் சொன்னதெல்லாம் எனக்குத் தெரியும் என்றேன். கொஞ்சம் சமாதானமானாள், பிறகு எதையெல்லாம் சொன்னோம் என்று யோசித்து இன்னும் கோபமானாள். மற்றவர்கள் என் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்கிறார்கள். அது எனக்குக் கேட்காது என்பது ஒரு வசதி.

அகராதியில் ஒன்று செய்ய வேண்டும். 'பிறர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்பவர்' என்று போட்டிருக்கும் பொருளை எடுத்துவிடச் சொல். அதற்கு ஆதாரம் நான் ஒருவன்தான், அது செல்லாது. பதிப்பாசிரியருக்கு வருத்தமாக இருக்கும். எட்டுப் பொருள் போதும்.

இனி, உன்னிடம் மட்டும் சொல்வது.

விசாரணை முடிந்து வெளியே வந்ததும் கடைசித் தறிக்காரி என்னை நிறுத்தினாள். முகமூடி இறங்கித்தான் இருந்தது. "தடுப்பு விஷயம் போகட்டும். அதுக்கப்புறம் நான் ஒண்ணு சொன்னேனே, அது?" என்றாள். அதுவும் கேட்கவில்லை என்றேன். என்னையே பார்த்தாள். "அதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. அன்னைக்கு உங்ககிட்ட சொல்லிட்டுப் போனப்பறம்தான் நிம்மதியாத் தூங்கினேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வேலை போயிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அக்கா, அந்தப் பெண்ணுடைய தூக்கத்தையும் நான் கெடுத்துவிட்டேன்.

பிறகு பல நாள் அவள் என் பக்கம் வரவில்லை. போன செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் தறிகள் நின்ற பிறகு வந்தாள். மேஜைக்கு எதிரில் நின்று கொஞ்ச நேரம் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகமூடியை அவிழ்த்து, புடவைக்கு மேல் போட்டிருந்த சட்டையின் பையில் வைத்துக்கொண்டாள். நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.

"வேகமாப் பேசினா புரியாதில்ல?"

"புரியாதும்மா."

"மெதுவாச் சொல்றேன். முதல்லேருந்து சொல்றேன்."

முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னாள். சில இடங்களில் அழுகை வந்து உதடு கோணிக்கொண்டது, எனக்குப் பிடிபடவில்லை. முன்பென்றால் தலையாட்டியிருப்பேன். "அது புரியல, இன்னொரு தடவை சொல்லும்மா" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை சொன்னாள். மூன்றாவது தடவையும் கேட்டேன், அதையும் சொன்னாள். சோற்றுப் பாத்திரத்தை இரண்டு பேருமே திறக்கவில்லை. சங்கு ஊதியது அவள் திரும்பிப் பார்த்ததில்தான் எனக்குத் தெரிந்தது. முகமூடியைக் கட்டிக்கொண்டு தறிக்குப் போய்விட்டாள்.

அவள் என்ன சொன்னாள் என்று உனக்கு எழுத மாட்டேன். எனக்குத் தெரியும், அக்கா.

அன்புடன்,
தம்பி